பெட்டியோடு சேர்த்து இருபது கிலோ

புத்தூர் மார்க்கெட்டில் புளிக்கும் வேர்க்கடலைக்கும் நாலைந்து மண்டிகள் இருந்தன. அதில் உமாபதி மண்டிக்கு மட்டும் காலை ஆறு மணிக்கே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். தன்னுடைய தங்கமான குணத்துக்காகத்தான் இவ்வளவு கூட்டமும் வருகிறது என்று உமாபதி நினைத்துக்கொண்டிருந்தார். நினைத்துக்கொள்ளட்டுமே, காசா பணமா! விவசாயிகள் வந்தது அங்கே எடை போடுகிற தாமோதரனுக்காக.

தாமோதரன் நகரிப் பக்கத்துக்காரர். சொந்தமென்று ஒரு சாண் நிலம் இல்லாத குடும்பம். அப்பா மூட்டை தூக்கியவர், பிள்ளையும் மீசை முளைக்கும் முன்பே மூட்டைக்கு வந்தவர்தான். ஒரு நாள் மூட்டையைத் தோளில் வாங்கியதும், "இதுல ரெண்டு கிலோ கம்மியா கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நிறுத்துப் பார்த்தால் ஒன்றே முக்கால் கிலோ குறைவு. சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது. அடுத்த வாரமே அவரைக் காட்டாவில் நிறுத்திவிட்டார்கள். காட்டா என்றால் எடை மேடை. தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் பேசுகிற ஊரில் எது எந்தப் பாஷைச் சொல் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

கிலோ கணக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், வயதானவர்கள் வீசையையும் மணங்கையும் விடவில்லை. "எட்டு வீசை ஒரு மணங்கு. உன் கிலோல எவ்ளோ வரும், சொல்லுப்பா" என்று காட்டா பக்கத்தில் குந்திக்கொள்வார்கள். தாமோதரன் பென்சிலைத் தொடமாட்டார். "மணங்குக்குப் பதினோரு கிலோ, அதுக்கு மேல இருநூறு கிராம்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த மூட்டைக்குக் கையைக் காட்டுவார். முதல் மூட்டைக்கு 'லாபம்' என்று கூவிவிட்டுத்தான் ரெண்டு, மூணு என்று போவார். ஒன்று என்று ஆரம்பித்தால் ஆகாது என்பது மார்க்கெட் வழக்கம்.

கூட்டம் அவரைத் தேடி வந்ததற்கு அசல் காரணம் வேறு. சரக்கை எடை போடும்போது சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும் அல்லவா? மற்ற மண்டிகளில் சாக்கு ஒரு கிலோ இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு கிலோ கழித்துவிடுவார்கள். கேட்டால் முறைப்பார்கள். தாமோதரன் அப்படிச் செய்யமாட்டார். சாக்கைக் கையால் தொட்டுப் பார்ப்பார். காய்ந்த சாக்கென்றால் ஒரு கிலோ, நனைந்தது என்றால் ஒன்றேகால், மூங்கில் கூடையென்றால் அதை வெறுமனே தனியாக நிறுத்து அந்த எடை. கழித்து மிச்சத்தைத்தான் உரக்கச் சொல்வார். இருபத்தைந்து வருஷத்தில் கழிக்காத எடை ஒன்று அவர் வாயில் வந்ததே கிடையாது. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவர் செய்த ஒரே தப்பு, இத்தனை வருஷம் சரியாகச் செய்துகொண்டிருந்த இந்தக் காரியத்தில்தான்.

தொண்ணூற்றாறில் அவர் மனைவி மணியம்மா குவைத்துக்குப் போகிறேன் என்றாள். அந்த வருஷங்களில் அது புதுசு இல்லை. தெருவுக்கு ஒரு வீட்டிலிருந்தாவது ஒரு பெண்பிள்ளை அங்கே சமைக்கவோ குழந்தை பார்க்கவோ போயிருந்தாள். ஆண்களுக்கு விசா கிடைப்பது குதிரைக்கொம்பு. பெண்களுக்கு வா வா என்று கூப்பிட்டார்கள்.

"எத்தினி வருசம்தான் அடுத்தவன் கொல்லியில களை எடுக்கறது?" என்றாள் மணியம்மா. "ரெண்டே வருசம். ஒரே ஒரு ஏக்கரு. நம்ம பேர்ல நெலத்து பாஸ்புக்கு வந்துட்டா போதும், நான் திரும்பிடுவேன்."

தாமோதரன் மூன்று நாள் பேசவில்லை. போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒரு ஏக்கர் என்ற வார்த்தை அவர் அப்பாவும் தாத்தாவும் ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போன வார்த்தை. அதை வாங்கித் தருகிறேன் என்று பெண்டாட்டி கிளம்பும்போது புருஷன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு தடுப்பது? போ என்று சொல்லவும் மனசு இல்லை. நாலாம் நாள், "பொட்டி ஒண்ணு வாங்கணும் இல்ல?" என்றார். அவ்வளவுதான் சம்மதம்.

அந்தப் பயணத்தில் பாஸ்போர்ட், விசா, மெடிக்கல் எதுவுமே அவருக்குப் புரியவில்லை. திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் உட்கார்ந்திருந்த ஏஜென்ட் சின்னப்பன் நீட்டின காகிதத்திலெல்லாம் மணியம்மா கைநாட்டு வைத்தாள். தாமோதரன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் சின்னப்பன், "இருபது கிலோதாம்மா சாமான். அதுக்கு மேல அரைக் கிலோ போனாலும் கவுன்ட்டர்லயே பிரிச்சி எட்துப் போடச் சொல்லிடுவான்" என்றபோதுதான் அவர் முகத்தில் உயிர் வந்தது. கிலோ! அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம். மனைவிக்கு இந்தப் பயணத்தில் அவரால் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

"அத நான் பாத்துக்கறேன்" என்றார். படி இறங்கும்போது, "பதினாலு வீசை, மேல கொஞ்சம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

திருப்பதியிலேயே பெட்டி வாங்கினார்கள். கெட்டி பிளாஸ்டிக், கத்தரிப்பூ நிறம், நம்பர் பூட்டு. கடைக்காரன் அதன் மேல் ஏறி நின்று காட்டினான். அப்படிப்பட்ட பெட்டி அவர்கள் வம்சத்தில் யாரும் தொட்டதில்லை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார் தாமோதரன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டியையும் சாமானையும் மண்டிக்குக் கொண்டுவந்தார்கள். வேலை நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள், கணக்கு எழுதுகிற கோபிகிருஷ்ணன், கல்லாவிலிருந்து உமாபதி, எல்லோரும் சுற்றி நின்றார்கள். தாமோதரன் முதலில் வெறும் பெட்டியைக் காட்டாவில் வைத்தார். நாலரைக் கிலோ. பிறகு ஒவ்வொன்றாக உள்ளே வைக்கச் சொன்னார். கேழ்வரகு மாவு மட்டும் ஐந்து கிலோ. அங்கே ரொட்டிதான் கிடைக்கும் என்று கேள்விப்பட்டதிலிருந்து மணியம்மாவுக்குக் கலக்கம். ரெண்டு நாள் களி துன்னாவிட்டால் அவளுக்கு வயிறு சண்டை போடும். அப்புறம் புளி, மிளகாய்த்தூள், ஆவக்காய் ஊறுகாய், வறுத்த வேர்க்கடலை, தேங்காய் எண்ணெய், புடவைகள், குளிருக்கு ஒரு கெட்டிப் போர்வை. முள் கொஞ்சம் ஏறியபோது ஒரு பிடி வேர்க்கடலையை எடுத்தார். இறங்கியபோது அதில் பாதியைத் திருப்பிப் போட்டார்.

முள் இருபத்து நாலரையில் நின்றது. தாமோதரன் கையைத் தூக்கி, "இரவை!" என்று தெலுங்கில் கூவினார். இருபது!

ஒருத்தராவது, 'அது ஏம்பா, இருபத்து நாலரை இல்ல காட்டுது' என்று கேட்டிருக்க வேண்டாமா? ஒருத்தரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? சரக்குக்குத்தானே எடை, சாக்குக்கு ஏது எடை? இருபத்தைந்து வருஷமாக அந்த மண்டியில் நிற்கிற அத்தனை பேருக்கும் அது மூச்சு விடுகிற மாதிரி. உமாபதி தலையை ஆட்டினார். கோபிகிருஷ்ணன் மண்டிச் சீட்டில் தெலுங்கில் அழகாக எழுதினான்: மொத்தம் இருபத்து நாலரை, பெட்டிக் கழிவு நாலரை, நிகரம் இருபது. முத்திரையும் குத்தினான். தாமோதரன் அதை மடித்து மணியம்மா கையில் கொடுத்தார்.

"யார்னா இன்னானா கேட்டா இத்த காமி. ஒரு கிராம் தப்பிருக்காது."

மறுநாள் மெட்ராஸ் போய், மின்சார ரயிலில் திரிசூலம் இறங்கி, ரோட்டைக் கடந்தால் ஏர்போர்ட். வாசலில் போலீஸ்காரர் டிக்கெட் இருக்கிறவர்களை மட்டும்தான் உள்ளே விட்டார். மகள் சந்தியா ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்ததால் அழுவதற்கு ரெண்டு பேர்தான். மணியம்மா அழவில்லை. "போய்ட்டு வர்றேன். புள்ளைக்கு வாரத்துல ரெண்டு நாள் எண்ணெ வெச்சி உடு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவுக்குள் கத்தரிப்பூ நிறம் கொஞ்ச தூரம் தெரிந்தது, அப்புறம் கூட்டத்தில் மறைந்தது. தாமோதரன் அங்கேயே நின்றார். விமானம் கிளம்புவதைப் பார்க்காமல் போகக்கூடாது என்று அவருக்கு ஒரு எண்ணம்.

கால் மணி நேரம் இருக்கும். உள்ளே போயிருந்த ஒரு இளைஞன் அதே கதவுக்குத் திரும்பி வந்து, வெளியே நின்ற தன் வீட்டாரிடம் ரெண்டு ஊறுகாய் ஜாடியையும் ஒரு பொட்டலத்தையும் நீட்டினான். அவன் அம்மா பதறினாள். "வெயிட் அதிகமாம்மா" என்றான் அவன். "சூட்கேஸே அஞ்சு கிலோ இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

தாமோதரன் தாங்கமாட்டாமல் பக்கத்தில் போனார். "ஏன் தம்பி, பொட்டிக்குக் கழிக்க மாட்டாங்களா?"

இளைஞன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "பெட்டிக்கு எதுக்குங்க கழிக்கணும்? பிளேன் பெட்டியையும் சேத்துத்தானே தூக்கிக்கினு போவுது?"

அவ்வளவு சின்ன விஷயம். இருபத்தைந்து வருஷம் எடை போட்டவருக்கு அது தோன்றவில்லை. மண்டியில் வாங்குகிறவனுக்கு வேண்டியது புளி. சாக்கு அவனுக்கு வேண்டாம், அதனால் கழிக்கிறோம். ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு போகிறவனுக்குப் புளியும் ஒன்றுதான் சாக்கும் ஒன்றுதான். உள்ளே அவள், எழுதப் படிக்கத் தெரியாதவள், முன்பின் பார்க்காத இடத்தில், பத்துப் பேர் வேடிக்கை பார்க்கப் பெட்டியைத் திறந்து நாலரைக் கிலோவை எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். தரையில் பரப்பிய புடவைகள் அவர் கண் முன்னால் வந்து நின்றன. அவள் தலையில் இதைக் கட்டியது அவர் கை.

வாசல் போலீஸ்காரரிடம் ஓடினார். "சார், என் சம்சாரம் உள்ள கீறா. எட நான்தான் தப்பா..." அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. போலீஸ்காரர் நல்லவர், திட்டவில்லை. ஓரமாகப் போய் நிற்கச் சொன்னார், அவ்வளவுதான். மணியம்மா எதையாவது கொடுக்கக் கதவுக்கு வருவாள் என்று கண் கொட்டாமல் பார்த்தார். அவள் வரவில்லை. வேண்டாததை எடுத்துப் போட்டுவிட்டு, அவரிடம் அதைக் காட்டக்கூட மனசில்லாமல் போய்விட்டாள் என்று முடிவுசெய்துகொண்டார். விமானம் தலைக்கு மேல் போனபோது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதல் கடிதம் ஆறு வாரம் கழித்து வந்தது. மணியம்மாவுக்கு எழுத வராது. அங்கே பக்கத்து வீட்டில் வேலை செய்த கடப்பாப் பெண் ஒருத்தி அவள் சொல்லச் சொல்லத் தெலுங்கில் எழுதினாள். இங்கே வீட்டு விலாசத்துக்குக் கடிதம் சரியாக வராது என்று மண்டி விலாசம் கொடுத்திருந்தார்கள். கோபிகிருஷ்ணன் அதைப் பிரித்து, நியூஸ் வாசிக்கிற மாதிரி உரத்த குரலில் படிப்பான். மூட்டை தூக்குகிறவர்களிலிருந்து புளி விற்க வந்தவர்கள் வரைக்கும் எல்லோரும் கேட்பார்கள். குவைத் சேதி என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? 'நான் சுகம். வீட்டில் நாலு பிள்ளைகள். வெயில் நம்ம ஊரைவிடக் கொடுமை. நீங்கள் எடை போட்டுக் கொடுத்த சாமான் அத்தனையும் ஒன்றும் குறையாமல் வந்து சேர்ந்தது.'

"பாத்தியா, நம்ம தாமோதரன் எடை!" என்றார் உமாபதி, அது என்னவோ தன்னுடைய சாமர்த்தியம் மாதிரி. எல்லோரும் ஆமாம் என்றார்கள். தாமோதரன் மட்டும் காட்டாவின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்து நாலரைக் கிலோ எப்படிக் குறையாமல் போகும்? எடை பொய் சொல்லாது. அப்படியானால் மணியம்மா பொய் சொல்கிறாள். தனக்கு வருத்தம் வரக்கூடாது என்று கடல் தாண்டிப் போயும் பொய் சொல்கிறாள். இதற்கு அவள் நாலு திட்டு எழுதியிருந்தால்கூட அவர் தூங்கியிருப்பார்.

மாசத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்கு அவள் போன் வரும். பூத்தில் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். "சாமான் எல்லாம் நெஜமாவே வந்துச்சா மே?" என்று கேட்பார். "அதான் எழுதினேனே, எல்லாம் வந்துச்சு. புள்ள எப்பிடி கீறா?" என்று பேச்சை மாற்றிவிடுவாள். அவர் சந்தேகம் இன்னும் கெட்டிப்பட்டது.

எதை எடுத்துப் போட்டிருப்பாள் என்பதுதான் அந்த ரெண்டு வருஷமும் அவர் மனசில் ஓடிய கணக்கு. ஒவ்வொரு சாமானும் எத்தனை என்று அவருக்கு மனப்பாடம். ஊறுகாயும் புளியும் சேர்த்தால் நாலு. போர்வையும் கடலையும் எண்ணெயும் சேர்த்தாலும் நாலுதான். ஒரே பொட்டலமாக எடுத்துப் போட்டால் தொல்லை தீர்கிறது என்றால் அது கேழ்வரகு மாவு. அதைத்தான் எடுத்திருப்பாள், சந்தேகமே இல்லை. ரொட்டியைத் துன்னுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்படித் தானே தீர்ப்பெழுதி, தானே தண்டனையும் கொடுத்துக்கொண்டார்.

"நைனா, களி கிண்டட்டா?" என்று சந்தியா கேட்பாள்.

"சோறே போடுமா."

ரெண்டு வருஷம் அவர் களியைத் தொடவில்லை. திருப்பதி மலைக்கு ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை.

இதற்கு நடுவில் வேடிக்கை ஒன்று நடந்தது. மணியம்மாவின் பெட்டிக்கு எடை போட்ட சேதி பரவி, குவைத், துபாய் போகிறவர்கள் எல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உமாபதி மண்டிக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது நாராயணவனத்திலிருந்து ஒரு பெண். தாமோதரன் பெட்டியோடு நிறுத்தினார். முள் இருபதில் நின்றதும், "போதும், மூடு" என்றார்.

கோபிகிருஷ்ணன் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான். "பொட்டிக் கழிவு எவ்ளோண்ணா?"

அங்கே அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அந்த வாயிலிருந்து வரும் எண்ணை நம்பித்தான் அவர்கள் வண்டி கட்டி வருகிறார்கள். எடை போடுகிறவனுக்கு எடை தெரியாது என்று ஒரு சொல் கிளம்பிவிட்டால் அப்புறம் அந்தக் காட்டாவில் நிற்பதில் அர்த்தம் இல்லை. தாமோதரன் முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பிளேன் கம்பெனிக்காரன் ரூல மாத்திட்டான். இப்போ பொட்டியோட சேத்து இருபது."

அப்படியா என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். அந்தக் காட்டாவின் முன்னால் அவர் சொன்ன முதல் பொய் அது. அதற்கப்புறம் ரெண்டு வருஷத்தில் அறுபதுக்கு மேல் பெட்டிகள் வந்தன. ஒன்றுகூட ஏர்போர்ட்டில் பிரிக்கப்படவில்லை. தாமோதரன் தொட்ட பெட்டி திரும்பாது என்று பேராகிவிட்டது. ஒவ்வொருத்தரும் வந்து நன்றி சொல்லும்போது அவருக்குக் கூசியது. ஊரார் பெட்டியெல்லாம் நல்லபடியாகப் போனது, பெண்டாட்டி பெட்டியைத்தான் கோட்டை விட்டோம் என்று உள்ளே வெந்துகொண்டிருந்தார்.

தொண்ணூற்றெட்டு ஆவணியில் மணியம்மா திரும்பி வந்தாள். அதே கண்ணாடிக் கதவு. ரெண்டு பெரிய சூட்கேஸ்களும் ஒரு அட்டைப்பெட்டியும் வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவளை முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நடையை வைத்துத்தான் கண்டுபிடித்தார். ரோட்டைக் கடந்து திரிசூலம் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சந்தியா பள்ளிக்கூடம் போவதைப் பற்றி, சித்தி உடம்பைப் பற்றி அவள் கேட்டுக்கொண்டே போனாள். தாமோதரன் ரெண்டு ரயிலை விட்டார். மூன்றாவதையும் விட்டார்.

"இன்னாய்யா, ஏறலியா?"

"மணி, அந்த நாலரக் கிலோ..."

"இன்னா நாலரக் கிலோ?"

"நா பொட்டிக்குக் கழிச்சிட்டேன். அவங்க கழிக்க மாட்டாங்களாமே. நீ உள்ள போனப்பறம்தான் தெரிஞ்சிது. கதவாண்ட நின்னுக்கினு இருந்தேன், நீ வரல. இன்னாத்த எட்துப் போட்ட, கேவுரு மாவுதானே? இப்பியாவது நெஜத்த சொல்லு."

மணியம்மா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "ரெண்டு வருசமா இத்தியா மனசுல வெச்சிக்கினு கீற?"

"சொல்லு மே."

"களி இல்லாம நா இருப்பனா? மாவ யாராவது எடுப்பாங்களா? பொட்டிய எட்துட்டேன்."

தாமோதரனுக்குப் புரியவில்லை. அவள் விளக்கமாகச் சொன்னாள். கவுன்ட்டரில் நம்பர் விழுந்ததும் அங்கிருந்த பெண் இருபத்து நாலரை என்றது. எங்க வூட்டுக்காரரு எட போட்டாரு, தப்பா இருக்காது என்று இவள் மண்டிச் சீட்டை நீட்டினாள். தெலுங்குச் சீட்டைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று இவள் நின்றாள். முந்தின நாள் காட்டாவின் பக்கத்தில் நின்றவளாயிற்றே, வெறும் பெட்டி நாலரை என்று அவளுக்குத் தெரியாதா? "அப்ப பொட்டிதானே ஜாஸ்தி, பொட்டி வாணாம்" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போனாள். உள்ளே இருந்த போர்வையை விரித்து, எல்லாவற்றையும் அதில் கொட்டி, ஒரு புடவையால் வரிந்து கட்டினாள். நம்பர் பூட்டுப் பெட்டியைப் பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். மூட்டையைத் திரும்ப வைத்தபோது நம்பர் இருபதில் விழுந்தது. இப்போது கவுன்ட்டரில் யாரும் சிரிக்கவில்லை.

"சரியா இருபதுய்யா. இங்கயும் சாயல, அங்கயும் சாயல. ஒரு கடல கூட நா எறக்கல."

தாமோதரன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இத ஒரு வரி எழுதக்கூடாதா? போன்லயாவது சொல்லக்கூடாதா? நா இங்க..."

"எந்த லெட்டர்ல எழுதறது? கோபிகிருஷ்ணன் ஊரக் கூட்டி வெச்சிப் படிப்பானே, அந்த லெட்டர்லயா? போன்ல சொன்னா, அத்தினி பேரு கேக்க நீ பூத்துல நின்னுக்கினு எட தப்புன்னு கத்துவியா?" என்றாள் மணியம்மா. "அங்க மூட்டையோட போய் எறங்கினா டிரைவரு சிரிச்சான். வூட்டம்மா சிரிச்சாங்க. மூட்டக்காரி மூட்டக்காரின்னு அவங்க பாஷையில பேர் வெச்சி மூணு மாசம் அந்தப் புள்ளைங்க கூப்டுச்சுங்க. கஷ்டமாத்தான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ராத்திரில அழுதுகூட கீறேன். ஆனா என்னப் பாத்துச் சிரிச்சா எனக்கு வேல போயிடுமா? இங்க உன்னப் பாத்துச் சிரிச்சா காட்டாவுல எப்பிடி நிப்ப?"

பிறகு அவளே சொன்னாள். "நீ பண்ணது தப்புதான்யா. ஆனா எட சரியா இருந்துச்சு."

தாமோதரன் அழுதார். ஸ்டேஷனில் அத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்காமல், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ரெண்டு வருஷமாக அவள் உண்மையைத்தான் எழுதியிருக்கிறாள், பொய் சொன்னது அவர். தான் அவள் தலையில் கட்டியது மாவு இழப்பு என்று நினைத்திருந்தார். மாவு போயிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருக்கலாம். அவள் சுமந்தது அவருக்கு வரவேண்டிய சிரிப்பு. நாலாவது ரயிலும் போனது. மணியம்மா பெட்டிகளைக் காவல் காத்தாள்.

மறுநாள் காலை மண்டியில் எட்டு வண்டிகள் நின்றிருந்தன. தாமோதரன் முதல் மூட்டையைக் காட்டாவில் ஏற்றவிடவில்லை. மேடை மேல் தானே ஏறி நின்றார். "எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க" என்றார். அவர் அப்படிப் பேசி யாரும் பார்த்ததில்லை, எல்லோரும் திரும்பினார்கள்.

எல்லாவற்றையும் சொன்னார். பெட்டிக்குக் கழித்தது, அது தப்பு என்று ஏர்போர்ட் வாசலில் தெரிந்துகொண்டது, கம்பெனிக்காரன் எந்த ரூலையும் மாற்றவில்லை என்பது, ரெண்டு வருஷமாகத் தான் அளந்து விட்ட பொய், மணியம்மா புதுப் பெட்டியைத் தானம் செய்துவிட்டு மூட்டையோடு விமானம் ஏறியது. ஒன்றையும் விடவில்லை.

மூட்டை தூக்குகிறவர்களில் ஒருத்தன் களுக்கென்றான். அவ்வளவுதான், மண்டியே வெடித்தது. உமாபதி கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிளேன்காரன் கிட்டயே சாக்குக் கழிவு கேட்ட ஒரே ஆளு நீதாண்டா" என்றார். கோபிகிருஷ்ணன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான், "சீட்டு எழுதி முத்திர குத்தினது நீதானேடா" என்று யாரோ சொல்லும் வரை. வண்டியிலிருந்து ஒரு பெரியவர், "பாவி, பொண்டாட்டிய மூட்ட தூக்க வெச்சிட்டியே" என்றார். அதற்கு மட்டும் தாமோதரன் தலை குனிந்தார். மற்ற எதற்கும் குனியவில்லை, மேடையை விட்டு இறங்கவும் இல்லை. சிரிக்கிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு, அவர்கள் ஓயும் வரை நின்றார்.

வண்டிகள் அன்றும் போகவில்லை, மறுநாளும் வந்தன. அந்த வருஷம் தையில் நகரிக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கர் மணியம்மா பேரில் பதிவானது. மார்க்கெட்டில் தாமோதரனுக்குப் 'பொட்டிக்கழிவு' என்று பேர் விழுந்துவிட்டது. எதிர் மண்டிக்காரர்கள் வேண்டுமென்றே ரோட்டிலிருந்து, "ஓ பொட்டிக்கழிவு!" என்று கத்துவார்கள். மணியம்மா பக்கத்தில் நடந்துவரும் நாட்களில்கூட அவர் முகம் சுளிக்கமாட்டார். நின்று, திரும்பி, "இன்னாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.